குழாயில் இங்கிலீஷ் வந்த வருசம்

இப்போது அந்த ஊரில் பஸ் ஸ்டாண்டு மாடியில் ஒன்று, பெட்ரோல் பங்குக்கு எதிரே ஒன்று என்று ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர் வந்துவிட்டது. கோட்டு போட்ட ஆள் பல்லைக் காட்டிச் சிரிக்கிற பேனர் கட்டி, பிள்ளைகளை வேனில் அள்ளிக்கொண்டு போகிறார்கள். போகட்டும், நல்லா இருக்கட்டும். ஆனால் கோவில்பட்டிக்குத் தெற்கே அந்தக் கரிசல்காட்டு டவுனில், தீப்பெட்டி ஆபீஸ் சங்கு ஊதித்தான் ஊர் எழுந்திருக்கும் என்றிருந்த காலத்தில், இங்கிலீஷைக் குடத்தில் பிடித்து இடுப்பில் வைத்துச் சிந்தாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டால், சென்டரில் விற்கிறதெல்லாம் ஒரு இங்கிலீஷா, அது குழாயில் வந்தது அல்லவா இங்கிலீஷ் என்பார்கள். சித்திரையில் வந்து ஐப்பசி மழையோடு நின்றுபோனது. அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது என்று சத்தியம் பண்ணுவார்கள்.

வேல்சாமி காம்பவுண்டில் இருந்த வரிசை வீடுகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே குழாய். அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். தண்ணீர் வராத நாளில் திருகினால் உஸ்ஸென்று காற்று வரும், அவ்வளவுதான். குழாய்க்கு அடுத்த வீடு சீனித்தாய் வீடு என்பதால் குழாய்க்கு அவள்தான் அதிகாரி. யாரும் கொடுத்த பதவி இல்லை, அவளே எடுத்துக்கொண்டது. பகலெல்லாம் வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டிக்குப் பெட்டி ஒட்டுவாள், காது மட்டும் குழாயில் இருக்கும். அந்தச் சித்திரையில் ஒருநாள், காற்று வரவேண்டிய நாளில், சும்மா திருகிப் பார்த்தாள். உஸ்ஸென்றது, கொர்ரென்று செருமியது, பிறகு இங்கிலீஷ் வந்தது.

பார்வைக்கு வடித்த கஞ்சியின் தெளிவு மாதிரி இருந்தது. குடம் நிறைந்தாலும் தண்ணீரில் பாதிக் கனம்தான். குனிந்து காதை வைத்தால் உள்ளே யாரோ தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேசத் தயாராகிற சத்தம் கேட்டது. ஒரு டம்ளர் குடித்தால் ஒரு வாக்கியம் நாக்கில் ஒட்டிக்கொள்ளும், அர்த்தம் கூடவே இறங்கி வயிற்றில் போய் உட்கார்ந்துகொள்ளும். சீனித்தாய் ஒரு டம்ளர் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டு மாரிக்கனி, கையெல்லாம் பசையோடு எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, தண்ணியா வருது?"

"நாட் அட் ஆல்" என்றாள் சீனித்தாய். இல்லவே இல்லை என்று அர்த்தம்.

மாரிக்கனி குடத்துக்குள் பார்த்தாள், முகர்ந்தாள், சீனித்தாய் முகத்தைப் பார்த்தாள். "அப்ப எனக்கும் ஒரு குடம் விடுங்க" என்று உள்ளே போய்ப் பிளாஸ்டிக் குடத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். ஒரு மணி நேரத்துக்குள் காம்பவுண்டு முழுக்கக் குடம் வரிசையில் நின்றது. இடம் பிடிக்க ஒரு கல், உடைந்த வாளி, பழைய செருப்பு எல்லாம் வழக்கம்போல வந்து உட்கார்ந்தன. தண்ணீருக்கு என்ன சட்டமோ அதுதான் இங்கிலீஷுக்கும்.

அதில் முதல் சட்டம், முதல் குடத்தைக் கொட்டிவிடுவது. ஒருநாள் முழுக்க மூடிக் கிடந்த குழாயில் துருவும் சேறுமாகத்தான் முதலில் வரும், அதை யார் குடிப்பது? சீனித்தாய் தன் கையால் முதல் குடத்தைப் பிடித்து, வாசல் ஓரத்துச் சாக்கடையில் கவிழ்த்த பிறகுதான் வரிசை ஆரம்பிக்கும். அம்மை போட்டுப் படுத்திருந்தபோதும் ஜன்னல் வழியாகக் கத்தி, கொட்ட வைத்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கிலீஷ் வந்த அன்றைக்கும் யோசிக்கவே இல்லை, டம்ளரை எடுப்பதற்கு முன்னாலேயே கை பாட்டுக்குக் கவிழ்த்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு இங்கிலீஷ் நாளிலும் முதல் குடம் சாக்கடைக்கே போயிற்று. கலங்கலா, தெளிவா என்று யாரும் குனிந்து பார்க்கவில்லை.

குழாய் ஃபிட்டர் கோமதிநாயகம் ஸ்பேனரோடு வந்தார். குழாய் இணைப்பைக் கழற்றிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், கையில் ஏந்தி ஒரு வாய் குடித்துப் பார்த்தார், "குவைட் ஆல் ரைட்" என்று சொல்லிவிட்டுக் கழற்றியதைத் திரும்ப மாட்டினார். அடுத்த இங்கிலீஷ் நாளில் அவரே ஒரு மண்ணெண்ணெய் டின்னைக் கழுவி எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார். பித்தளைப் பாத்திரத்தில் வைத்தால் களிம்பு ஏறும், மண்பானைதான் நல்லது என்றும், பழையதை முதலில் செலவழித்துவிட வேண்டும் என்றும், கொதிக்க வைத்தால் வாக்கியமெல்லாம் ஆவியாகப் போய் அடியில் 'வெரி' மட்டும்தான் மிஞ்சும் என்றும் பெண்கள் தங்களுக்குள் பேசிக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். பசங்களுக்குப் பரீட்சை என்றால் ஒரு செம்பு அதிகமாகக் கேட்டு வாங்கினார்கள், பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு மட்டும் சூடு என்று கொடுக்கவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, ஊரே மாறிப்போயிற்று. டீக்கடையில் "டீ போடவா அண்ணாச்சி?" என்றால் "யெஸ், ப்ளீஸ்." ரேஷன் கடையில் "மண்ணெண்ணெய் வந்துருச்சாய்யா?" என்றால் "நாட் யெட்." மாமியார் "ஏன் கொழம்புல உப்பே இல்ல?" என்று ஆரம்பித்தால் மருமகள் "சாரி, இட் வில் நாட் ஹேப்பன் அகைன்" என்று பணிவாகச் சொல்லிவிடுவாள், மாமியாருக்கு அதற்குமேல் என்ன பேசுவதென்று தெரியாது. மாரியம்மன் கொடைக்குப் பானகத்தில் கலந்து கொடுத்தார்கள், கூட்டத்தில் இடித்துக்கொண்டவர்களெல்லாம் "நெவர் மைண்ட்" என்று சிரித்துக்கொண்டு போனார்கள். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று இருந்தது, அதை ஒருத்தரும் கவனிக்கவில்லை. கேட்கிறது எல்லாம் தமிழில், பதில் மட்டும் இங்கிலீஷில். அது அப்படித்தான் போலிருக்கிறது என்று ஊர் நினைத்துக்கொண்டது. அந்த ருசியில் யாருக்கு எதைத் தேடத் தோன்றும்?

இன்னொன்றும் கண்டுகொண்டார்கள். வயிற்றுக்குள் போன பதிலுக்குத் தன்னுடைய கேள்வி எது என்று தெரியும். அந்தக் கேள்வி எந்தப் பாஷையில் காதில் விழுந்தாலும் சரி, நாம் நினைப்பதற்குள் தானாக எழுந்து வாயில் வந்து நின்றுவிடும். தும்மலை அடக்குவது எவ்வளவு கஷ்டமோ அவ்வளவு கஷ்டம் அதை அடக்குவது.

காம்பவுண்டில் மற்றவர்களெல்லாம் ஒரு குடம், ரெண்டு குடம் என்று நிறுத்திக்கொண்டார்கள். சீனித்தாய் மட்டும் பானை பானையாகப் பிடித்து, வேட்டித்துணி கட்டி மூடி, வேளைக்கு ஒரு டம்ளர் என்று மருந்து மாதிரி குடித்தாள். ஏன் என்று காம்பவுண்டுக்குத் தெரியும், அதனால் கேட்கவில்லை. மழையில்லாத ஒரு வருசத்தில் தன் ஒரே மகளை, பால்குடி மறக்காத பிள்ளையை, பாளையங்கோட்டைப் பக்கத்தில் ஒரு பிள்ளைகள் ஹோமில் கொண்டுபோய் விட்டவள் அவள். அங்கிருந்து அந்தப் பிள்ளையை, பனி விழுகிற ஏதோ ஒரு தேசத்திலிருந்து வந்த ஒரு புருசனும் பெண்சாதியும் வளர்க்க எடுத்துக்கொண்டு போனார்கள். பூரணம் என்று பேர் வைத்தது. எங்கோ வளர்ந்து ஆளாகியிருக்கும். என்றைக்காவது வந்தால் ஒரே ஒரு விஷயம் அவளிடம் கேட்க வேண்டும், 'என் மேல கோவமா தாயி?' என்று. அதைக் கேட்காமல் கட்டை வேகாது என்று மாரிக்கனியிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். பிள்ளைக்குத் தமிழ் தெரியாது என்பது நிச்சயம். அப்படியிருக்க வீட்டு வாசலிலேயே இங்கிலீஷ் வந்தால் அவள் விடுவாளா?

ஆவணியில் ஹோமிலிருந்து ஆள் வந்து சொன்னது. பூரணம் வருகிறாள், பெத்தவளைப் பார்க்கணும் என்கிறாள், ரெண்டு மூணு நாள் தங்குவாள். சீனித்தாய்க்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காம்பவுண்டே வெள்ளையடித்தது. அவரவர் வீட்டுப் பானையில் இருந்ததை மிச்சம் வைக்காமல் குடித்துத் தீர்த்தார்கள், வருகிற பிள்ளையிடம் நாலு வார்த்தை சரியாகப் பேச வேண்டாமா?

அவள் வந்தது ஒரு இங்கிலீஷ் நாள். அன்றைக்கும் விடிந்ததும் சீனித்தாய் முதல் குடத்தைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, குளித்து, ஆரஞ்சுக்கரைச் சேலை கட்டிக்கொண்டு கேட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். ஹோம் கார் வந்து இறக்கிவிட்டுப் போயிற்று. கறுப்பாக, வளர்த்தியாக, முதுகில் ஒரு பையோடு இறங்கியவளைப் பார்த்ததும் சீனித்தாய்க்குச் செத்துப்போன தன் புருசனே சட்டை போட்டுக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. அதே நெற்றி, அதே தூக்கலான பல்லு.

"ஐ ஆம் சோஃபி" என்றாள் பூரணம். "ஹௌ ஆர் யூ?"

"குவைட் வெல், தேங்க் யூ" என்றாள் சீனித்தாய். குரல் உடையவே இல்லை, வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி வந்தது. காம்பவுண்டே பெருமையில் ஒரு மூச்சு விட்டது.

அந்தப் பிள்ளை ஆச்சரியப்பட்டுப் போனாள். பெத்தவளுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று சொல்லித்தானே அனுப்பியிருந்தார்கள்? ஆசை ஆசையாகக் கேட்க ஆரம்பித்தாள். இங்கே உட்காரலாமா என்று கேட்டாள், "பை ஆல் மீன்ஸ்" என்றார்கள், தாராளமாக என்று அர்த்தம். எப்பவும் இப்படித்தான் வெயிலா என்று கேட்டாள், "ஒன்லி இன் சம்மர்" என்றாள் மாரிக்கனி. கருவாட்டுக் குழம்பு ரொம்ப உறைக்குமா என்றாள், "ஒன்லி எ லிட்டில்" என்றார் கோமதிநாயகம். சாப்பிட்டுக் கண்ணில் தண்ணீர் விட்டாள், எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். மத்தியானம் வரைக்கும் திருவிழாதான். அவள் கேட்பாள், இவர்கள் சொல்வார்கள், திரும்ப அவள் கேட்பாள், இவர்கள் சொல்வார்கள்.

மத்தியானத்துக்கு மேல் அவள் கேட்பது குறைந்தது. கொஞ்சம் கேட்டுவிட்டுக் காத்திருந்தாள், எதிரே இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இவர்களும் அவளைப் பார்த்துச் சிரித்தபடி காத்திருந்தார்கள். இதுதான் நேரம், கேட்டுவிட வேண்டும் என்று சீனித்தாய் வாயைத் திறந்தால் நாக்கு வெறுமையாக இருந்தது. உள்ளே துழாவிப் பார்த்தாள். எத்தனை பானை குடித்திருப்பாள், அத்தனையும் பதில். ஒரு கேள்விகூட இல்லை.

"ராத்திரி தூங்குனியா தாயி? உன்னை நல்லா வச்சிருக்காகளா அங்க?" என்று தமிழில் கேட்டாள். பூரணம் புரியாமல் சிரித்தாள். அவளுக்கு அது ஏதோ சத்தம், அவ்வளவுதான்.

கடைசியில் அந்தப் பிள்ளைதான் மடியில் கையைக் கோத்துக்கொண்டு, மெதுவாக, பெத்தவள் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். "இஸ் தேர் நத்திங் யூ வாண்ட் டு ஆஸ்க் மீ?" என்னிடம் கேட்க உங்களுக்கு ஒன்றுமே இல்லையா என்று.

அடக்குவதற்குள் எழுந்து வந்துவிட்டது. "நத்திங் அட் ஆல், தேங்க் யூ" என்றாள் சீனித்தாய். ஒன்றுமே இல்லை, ரொம்ப நன்றி. அவள் மட்டுமா, மாரிக்கனி, கோமதிநாயகம், வாசலில் நின்ற அத்தனை பேர் வாயும் அதையே ஒரே குரலில், கோவிலில் பஜனை பாடுகிற மாதிரி சொல்லிற்று.

பூரணத்தின் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்தாள், பையை எடுத்தாள். அடுத்த ரயில் எப்போது என்று கேட்டாள். "அட் சிக்ஸ் இன் தி ஈவினிங்" என்று மாரிக்கனியின் வாய் சொல்லிவிட்டது. மாரிக்கனி படபடவென்று தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். சொன்னது சொன்னதுதான். பூரணம் கேட்டுக்குப் பக்கத்தில் பையை வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். ஆட்டோ சொல்லப் பஜாருக்கு ஆள் போயிற்று.

சீனித்தாய் குழாயடியில் போய் நின்றாள். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கேள்வி என்று ஒன்று இல்லாமல் பதில் எப்படி வரும்? குழாயில் வந்துதானே இருக்கணும்? அப்படியென்றால் எங்கே போயிற்று? குனிந்தாள். சாக்கடை ஓரம் காலையில் கவிழ்த்த குடத்தின் ஈரம் இன்னும் காயவில்லை. 'அடப் பாவி மகளே' என்று தன்னைத்தானே வைதுகொண்டாள். கேள்விதானே முன்னால் வரும், பதில் பின்னால்தானே வரும். முதல் குடம் முதல் குடம் என்று தன் கையாலேயே அத்தனையும் கொட்டியிருக்கிறாள். அடுத்த இங்கிலீஷ் நாள் நாளை மறுநாள், ரயில் ஆறு மணிக்கு.

சாக்கடை காம்பவுண்டுச் சுவரைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் இறங்கிப் போகும். எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும், போய்த்தான் பார்த்ததில்லை. தெருக் கூட்டுகிறவர்கள், சாக்கடை அள்ளுகிறவர்கள் இருக்கிற கீழத்தெருவுக்குப் போகும். அந்தத் தெருவுக்குக் குழாய் கிடையாது. தண்ணீர் நாளில் அந்தத் தெருச் சக்கம்மா காம்பவுண்டு கேட்டுக்கு வெளியே குடத்தை வைத்துவிட்டு எட்டி நிற்பாள், சீனித்தாய் குடத்தில் படாமல் உயரத் தூக்கி ஊற்றுவாள். இங்கிலீஷ் நாளில் யாரும் வரவில்லை, இவர்களும் கூப்பிடவில்லை. அவங்களுக்கு எதுக்கு இங்கிலீஷ் என்று மாரிக்கனி ஒருதரம் சொன்னாள், அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சீனித்தாய் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சாக்கடையோடு நடந்தாள். சுவர் முடிகிற இடத்தில் ஒரு சின்னப் பிள்ளை ஆட்டுக்குட்டியின் காதைப் பிடித்துக்கொண்டு, "வாட் இஸ் யுவர் நேம்? வாட் இஸ் யுவர் நேம்?" என்று மிரட்டிக்கொண்டிருந்தது.

"மை நேம் இஸ் சீனித்தாய்" என்றது சீனித்தாயின் வாய்.

பிள்ளை ஆட்டை விட்டுவிட்டு ஓடியது. "யம்மா, பதில் வந்திருக்கு, பதில் வந்திருக்கு" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு ஓடியது.

வீடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்கள் வாயில் இருந்ததெல்லாம் கேள்வி. மாசக்கணக்காகக் கேட்டுக் கேட்டுப் பதில் இல்லாமல் புளித்துக் கிடந்த கேள்விகள். மேலத்தெருக்காரர்களைக் கேள்வி கேட்டுப் பழக்கமில்லை என்பதால் தங்களுக்குள்ளேயே கேட்டுக்கொண்டு, பதில் தெரியாமல் சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். மணி என்ன என்று ஒரு கிழவர் இங்கிலீஷில் கேட்டார், "ஹாஃப் பாஸ்ட் ஃபோர்" என்றாள் சீனித்தாய். கிழவருக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கே குடியிருக்கிறீர்கள் என்று ஒருத்தி கேட்டாள், "ஜஸ்ட் ரவுண்ட் தி கார்னர்" என்று வந்தது. அர்த்தம் வயிற்றில் உறைத்தது. இந்தா, இந்தத் திருப்பத்தில்தான். அவ்வளவு பக்கத்தில்தான்.

சக்கம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அவள் இங்கிலீஷில் கேட்கவில்லை. "என்ன சீனித்தாயம்மா, இந்தப் பக்கம்?"

சீனித்தாய் சொன்னாள். மகள் வந்ததை, ஊரே பதில் சொன்னதை, முதல் குடத்தை, ஆறு மணி ரயிலை. "கேள்வி எல்லாம் இங்கதான் வந்திருக்கு. எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும் சக்கம்மா. எம் மேல கோவமான்னு அவகிட்டக் கேக்கணும்."

"இத்தன வருசமா இந்த வாசலுக்கு வந்திருக்கீகளா? இன்னிக்குக் கேள்வி வேணும்னதும் வந்திருக்கீக."

சீனித்தாய் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. "ஆமா. எம் பிள்ளைக்காகத்தான் வந்தேன். அவ வராட்டா வந்திருக்க மாட்டேன்."

"அதையாவது பொய்யில்லாமச் சொன்னீகளே" என்று சக்கம்மா உள்ளே போனாள். ஒரு மண்பானையைத் தூக்கி வந்து இறக்கினாள். "சாக்கடையில வந்ததுதான். ஆனா இது சாக்கடையோட ஒட்டாது, எண்ணெய் கணக்கா மேலயே மிதந்து வரும். தேங்காச் சிரட்டையில மோந்து, துணியில வடிகட்டி வச்சிருக்கோம். நீங்க கேக்குறது இந்தப் பானையிலதான் இருக்கு." சிரட்டை நிறைய எடுத்து நீட்டினாள். நீட்டியபடியே, வேண்டுமென்றேதான், இங்கிலீஷில் கேட்டாள். "வில் யூ டிரிங்க் இன் மை ஹவுஸ்?" என் வீட்டில் குடிப்பீர்களா?

'நோ, தேங்க் யூ' எழுந்து வந்தது. இந்தத் தெருவிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில், வழி தெரிந்த பதில், பல்லுக்குப் பின்னால் வந்து முட்டிக்கொண்டு நின்றது. சீனித்தாய்க்கு வேர்த்துக் கொட்டியது. தெருவே அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்து அதை உள்ளே தள்ளினாள், தள்ளிவிட்டு அடியில் எங்கோ கிடந்த இன்னொன்றை இழுத்துக்கொண்டு வந்தாள். "யெஸ், ப்ளீஸ்" என்றாள். சிரட்டையை ரெண்டு கையாலும் வாங்கி, அண்ணாந்து ஊற்றாமல், உதட்டில் வைத்தே குடித்தாள்.

கேள்வி உப்பாக இருந்தது. நாக்கில் வந்து ஒட்டிக்கொண்டு முள்மாதிரி குத்தியது. பதில் எல்லாம் எவ்வளவு வழுவழுவென்று இருந்தது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"நானும் வாரேன்" என்றாள் சக்கம்மா. "பழக்கமில்லாத வாய், வழியில நழுவிருச்சுன்னா?"

ரெண்டு பேரும் சாக்கடை வழியாகப் போகவில்லை, தெருவைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தார்கள். கேட்டை மறித்துக்கொண்டு மாரிக்கனி நின்றாள். சக்கம்மாவைப் பார்த்ததும் அவள் முகம் கோணியது, என்னமோ சொல்லப்போனாள். அதற்குள் சக்கம்மா "மே ஐ கம் இன்?" என்று கேட்டுவிட்டாள். "பை ஆல் மீன்ஸ்" என்றது மாரிக்கனியின் வாய். தன் வாய் சொன்னதைத் தானே கேட்டுக்கொண்ட மாரிக்கனி நகர்ந்து வழிவிட்டாள்.

பூரணம் பையின் மேல் உட்கார்ந்திருந்தாள். சீனித்தாய் அவளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். இருபது வருசத்துக்கு மேல் நெஞ்சுக்குள் கிடந்தது, இங்கிலீஷாக வெளியே வந்தது.

"ஆர் யூ ஆங்ரி வித் மீ?"

பூரணம் நிமிர்ந்து பார்த்தாள். காலையிலிருந்து இந்த வாசலில் அவளிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி. பதில் சொல்ல ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். அவள் குழாயில் பிடித்துக் குடித்தவள் இல்லை, அவளுக்கு எதுவும் தானாக எழுந்து வராது, தேடித்தான் எடுக்க வேண்டும்.

"யெஸ்" என்றாள்.

சீனித்தாய்க்குச் சந்தோசமாக இருந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், சந்தோசமாகத்தான் இருந்தது. கோவம் இருக்கிறது என்றால் தன்னை ஒரு ஆளாக நினைத்திருக்கிறாள், நினைத்து நினைத்துக் கோவப்பட்டிருக்கிறாள் என்றுதானே அர்த்தம்? பிள்ளையின் முழங்காலில் கையை வைத்தாள். பிள்ளை தட்டிவிடவில்லை. வெளியே ஆட்டோ வந்து நின்று ஹாரன் அடித்தது, கோமதிநாயகம் போய் அவனைச் சும்மா இருக்கச் சொன்னார்.

பூரணம் கேட்டாள். "வொய் டிட் யூ கிவ் மீ அவே?" ஏன் என்னைக் கொடுத்தாய்?

அதற்கும் பதில் இருந்தது. என்றைக்கோ ஒரு பானையில் குடித்தது. 'இட் குட் நாட் பி ஹெல்ப்ட்.' வேறு வழியில்லாமல் போயிற்று. நல்ல பதில், சுத்தமான பதில். வயிற்றிலிருந்து எழுந்து, தொண்டையைக் கடந்து, நாக்கு நுனிக்கு வந்து நின்றது. சீனித்தாய் வாயை இறுக மூடிக்கொண்டாள். அந்தப் பதிலை முழுசாக விழுங்கினாள். கண்ணில் நீர் வந்துவிட்டது, ஆனாலும் விழுங்கிவிட்டாள். பிறகு தமிழில் ஆரம்பித்தாள்.

"உங்கப்பா லாரியில க்ளீனரு. சரக்கேத்திக்கிட்டுப் போனவர் பொணமாத்தான் வந்தார். நீ அப்ப இடுப்புல இருக்கிற பிள்ள. அந்த வருசம் மழையே இல்ல, தீப்பெட்டி ஆபீஸையும் மூடிட்டான், எனக்குப் பால் வத்திப்போச்சு." சொல்லிவிட்டு நின்றாள். பிள்ளைக்கு ஒரு வார்த்தை புரியப்போவதில்லை, யாருக்காகச் சொல்கிறோம் என்று தோன்றிவிட்டது.

"அப்புறம்?" என்றாள் சக்கம்மா. கேட்டை ஒட்டி அவளும் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"அப்புறம் அரிசி கழுவின தண்ணிய உனக்குக் குடுத்தேன். நீ துப்புன. அழக்கூடத் தெம்பில்லாம மொணங்குன. ஹோமுல பால் ஊத்துறாகன்னு சொன்னாக. நடந்தே கொண்டுபோனேன். மழை பேயிற வரைக்கும் வச்சிருங்க, பேஞ்சதும் வந்து தூக்கிக்கிடுதேன்னு சொன்னேன். கைநாட்டு வைக்கச் சொன்னாக, வச்சேன். என்னத்துக்குன்னு கேக்கல தாயி. எனக்குக் கேக்கத் தெரியல."

"அப்புறம்?"

பூரணம் பெத்தவளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது. ஆனால் இது பதில் இல்லை, இது வேறு ஏதோ, இதற்கு நிறைய நேரம் ஆகும் என்று தெரிந்தது. முழங்கால் மேலிருந்த அந்தக் கையைத் தன் கையால் மூடினாள். அந்த அம்மா ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் கேட்டோரம் இருக்கிறவள் ஒரு சொல் சொல்கிறாள், சொன்னதும் இவள் மறுபடி பேசுகிறாள் என்பதையும் பார்த்தாள்.

"ஐப்பசியில மழை பேஞ்சுச்சு. பேஞ்ச வேகத்துல ரோடே தெரியல. நனைஞ்சுக்கிட்டே ஓடுனேன். போற வழியெல்லாம் உம் பேரைச் சொல்லிக்கிட்டே ஓடுனேன். ஹோமுக்குள்ள போயி, நீ கெடந்த தொட்டிலத் தேடிப் பாத்தா..."

சீனித்தாயால் அதற்குமேல் முடியவில்லை. சேலையை வாயில் அழுத்திக்கொண்டாள். சக்கம்மா வாயைத் திறந்தாள், அந்தச் சொல்லைச் சொல்லாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மாரிக்கனி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

பூரணம் பையிலிருந்து இறங்கி, பெத்தவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, அவள் முகத்தைக் கையில் ஏந்தி நிமிர்த்தினாள்.

"அப்புறம்?" என்று கேட்டாள்.